கடலுக்குப் போகாத நாட்கள்

2025 ஜனவரி 20, திங்கள்

இன்றைய கூட்டத்தில் 'நிலையம்' என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் இரண்டு மணித்தியாலமும் நாற்பது நிமிடமும் போயிற்று. வானிலைக்காரருக்கு நிலையம் என்றால் மழைமானி நட்டு வேலி போட்ட இடம். கடலாய்வுக்காரருக்குக் கப்பல் நின்று தண்ணீர் எடுத்த புள்ளி. அடுத்த நாள் போனால் அங்கே அலையைத் தவிர ஒன்றும் இராது. சுகாதாரக்காரருக்குக் கிளினிக். மீன்வளக்காரருக்கு மீன் இறங்கும் துறை. இந்த நான்கு கூட்டமும் பல வருடமாகச் சேர்த்த தரவை ஒரே களஞ்சியத்தில் போட்டு, ஒரே பெயரில் தேடக்கூடியதாக்குவதுதான் என் வேலை. எங்கே அளந்தது, எப்போது அளந்தது, எதனால் அளந்தது — இதற்கெல்லாம் எல்லோருக்கும் பொதுவான ஒரு சொற்பட்டியல். எழுதினால் ஒரு வரி. செய்யப் போனால் நான்கு சம்பந்திகளை ஒரே பந்தியில் இருத்துவது மாதிரி.

கடைசியில் 'அளந்த இடம்' என்று எழுதினேன். நால்வருக்கும் பிடிக்கவில்லை. ஆகவே அதுதான் சரி.

வெளியே வரும்போது தலைவர் கனகசபாபதி சேர் சொன்னார்: "உம்மை விட்டா இதுக்கு ஆளில்லை, சுபோதினி. மார்ச் கடைசியில இன்டர்வியூ. விண்ணப்பத்தை மறந்திடாதையும்." திட்டப் பணிப்பாளர் பதவி. ஏழு வருடமாக ஒப்பந்தத்தில் இருக்கிறேன், வருடா வருடம் புதுப்பிப்பார்கள். வெளியே கேட்டால் 'பார்ப்போம்' என்றுதான் சொல்கிறேன். இங்கே எழுதலாம்: எனக்கு அது வேண்டும். மிகவும் வேண்டும்.

ஜனவரி 26, ஞாயிறு

தேனுஜன் மத்தியானம் சாப்பிட வந்தான். நாலு வருடமாக ஞாயிறு என்றால் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு அனெக்ஸில் அறை எடுத்து இருக்கிறான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மீன்வளத்தில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறான். எங்கள் களஞ்சியத்தை முழுதாக நம்பி வேலை செய்யும் முதல் ஆள் அவன். அவனைக் காட்டித்தான் நான் எல்லா இடமும் பெருமை அடிக்கிறேன்.

இன்றைக்குச் சாப்பாட்டு மேசையிலேயே மடிக்கணினியைத் திறந்துவிட்டான். நீர்கொழும்புக்கு வடக்கே பதினொரு துறைகளில், 2021இலிருந்து, ஒரு நாளைக்கு இறங்கும் மீன் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு விழுந்திருக்கிறதாம்.

"ஐஞ்சில ஒண்டு, அக்கா! ஒரேயடியா. கிழக்குப் பக்கம் அப்பிடி ஒண்டும் இல்லை."

மீன் குறைந்ததற்கு இவ்வளவு சந்தோஷமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். சந்தோஷம்தான். மூன்று வருடம் தேடியவனுக்கு ஒன்று அகப்பட்டிருக்கிறது. இரண்டாம் தரம் சோறு போட்டதுகூடத் தெரியாமல் சாப்பிட்டான்.

பெப்ரவரி 6, வியாழன்

புதிய சொற்பட்டியலுக்கு மாற்றுவதற்காக இன்றிலிருந்து களஞ்சியத்தை மூடிவிட்டோம். மே மாதம்தான் திறக்கும். நாற்பத்திரண்டு சொற்கள் முடிந்தன, இன்னும் நூற்றெட்டு. "நூற்றெட்டோ? அப்ப கடைசியில தேங்காய் உடையும்" என்றார் இவர்.

பெப்ரவரி 13, வியாழன்

பல்கலைக்கழகத்தில் தேனுஜன் தன் முடிவை வாசித்தான். நானும் போயிருந்தேன். நன்றாகப் பேசினான், கொஞ்சம் வேகம். பிறகு பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார், பரீட்சகர்களில் ஒருவர். அந்தப் பதினொரு துறைக்கும் ஐஸ் கொடுக்கும் ஆலையின் விபரம் தன்னிடம் இருக்கிறது என்றார். 2019இல் போன அளவு ஐஸ்தான் 2023இலும் போயிருக்கிறது.

"மீன் இல்லாத படகுக்கு ஐஸ் எதுக்குத் தம்பி?"

சபை சிரித்தது. அதோடு விட்டிருக்கலாம். மீன்வளப் பகுதியின் மாதச் சுருக்கத்தையும் எடுத்து வைத்தார். அதிலும் வீழ்ச்சி இல்லை. தேனுஜனின் கோப்பில் மூவாயிரத்துக்கு மேல் பூச்சியங்கள் இருக்கின்றன, இவை எங்கிருந்து வந்தன என்று கேட்டார். "களஞ்சியத்தில இருந்து, சேர்" என்றான். என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

பெப்ரவரி 20, வியாழன்

இதை விசாரிக்கப் பல்கலைக்கழகத்தில் மூன்று பேர் கொண்ட குழு போட்டிருக்கிறார்கள். அவர்களிடமிருந்து கடிதம்: மூலத்தில் இல்லாத எண் எதையும் உங்கள் களஞ்சியம் தானாகச் சேர்க்குமா? களஞ்சியம் மூடியிருப்பதால் என் சொல்லைத்தான் நம்புவார்கள்.

நிரைகளை எண்ணிப் பார்த்தேன். மூலத்தில் எத்தனையோ எங்களிடமும் அத்தனை. ஒன்று கூடவோ குறையவோ இல்லை. 'களஞ்சியம் எந்த எண்ணையும் தானாகச் சேர்ப்பதில்லை' என்று எழுதிக் கையெழுத்து வைத்து அனுப்பிவிட்டேன். பத்து நிமிட வேலை.

பெப்ரவரி 23, ஞாயிறு

தேனுஜன் வரவில்லை. கடிதத்தின் பிரதியை அவனுக்கும் கொடுத்திருப்பார்கள்.

அந்தப் பூச்சியங்களை அவன்தான் போட்டிருப்பானோ? மூன்று வருடம் ஒன்றும் அகப்படாவிட்டால் ஆளுக்கு என்ன தோன்றும் என்று யாருக்குத் தெரியும். — இப்படி எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நினைத்தேன். நினைத்ததை எழுதத்தானே இந்தக் கொப்பி.

மார்ச் 13, வியாழன், போயா

பௌர்ணமி விடுமுறை. கொட்டாஞ்சேனைக்குப் போனேன். மீன்வளப் பகுதியில் தரவு பதியும் கொன்ஸ்ரன்ஸ், அவர்களுடைய கட்டடத்தில் கூரை வேலை நடப்பதால் பெட்டிகளை வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்து வேலை செய்கிறார். அட்டவணையில் வெறுமையாக விட்ட கலங்களுக்கு ஒரு பொதுச்சொல் வேண்டும், மீன்பக்கத்தில் என்ன வழக்கம் என்று கேட்டு வரலாம் என்றுதான் போனேன். அந்தோனியார் கோயிலுக்குப் போகிற சனத்துக்குள் முச்சக்கரவண்டி அரை மணித்தியாலம் நின்றது.

முன்னறையில் சுவர் தெரியாமல் பெட்டிகள். கொன்ஸ்ரன்ஸ் பால்தேத்தண்ணியும் கேக்கும் வைத்தார். ஒரு மாதத்துத் தாளை எடுத்துக் கையில் தந்தார். மீனின் நிறை எழுதும் நிரலில், எண்களுக்கு நடுவே சின்னச் சின்னச் சிலுவைகள்.

"இது என்ன?"

"கடலுக்குப் போகாத நாள் மிஸ். ஞாயித்துக்கிழமை, திருநாள், பெரிய வாரம். ஊர்ல யாரும் செத்துப்போனா அடக்கம் முடியும் வரைக்கும் ஒரு படகும் இறங்காது. வெறுமையா விட்டா எழுதுற ஆள் வேலைக்கு வரல்லண்டு நினைப்பாங்கதானே. அதுக்குத்தான் சிலுவை."

"கணினியில என்னெண்டு அடிக்கிறனீங்கள்?"

"முந்தி நானே வெறுமையா விடுவேன். இருபத்தொண்டுல உங்கட ஒபிஸ் சொல்லிச்சு, தாள்ல இருக்கிறத அப்பிடியே அடிங்க, மத்தத எங்கட புரோகிராம் பாத்துக்கொள்ளும்னு. அதுலருந்து சிலுவையையே அடிக்கிறேன். ஏன் மிஸ், பிழையா?"

"இல்லை" என்றேன். கேக் நன்றாக இருக்கிறது என்றேன்.

அந்தப் புரோகிராமின் விதியை எழுதியது நான். 2021 ஜனவரியில். கிளினிக்குகளில் நோயாளர் தொகைக்கு நேரே கோடு கிழித்திருந்தார்கள், அன்று நோயாளர் யாரும் இல்லை என்று அர்த்தம். எண் வரவேண்டிய கலத்தில் எண் அல்லாத எந்தக் குறி இருந்தாலும் அது பூச்சியம் — என்று ஒரு விதி. சுகாதாரத்துக்குச் சரியாக வந்தது. ஒருவருக்குச் சரி என்றால் நால்வருக்கும் சரி என்று எல்லாவற்றுக்கும் போட்டேன். பொதுமைப்படுத்தல்! அந்த வருடம் அதற்காக எனக்கு ஒரு பாராட்டுக் கடிதமும் தந்தார்கள்.

திரும்பி வரும் வழியில் விரலை மடித்து எண்ணினேன். வருடத்துக்கு ஞாயிறு ஐம்பத்திரண்டு. திருநாளும் சாவுமாக ஒரு இருபது. முந்நூற்று அறுபத்தைந்தில் எழுபத்திரண்டு. ஐந்தில் ஒன்று. கிழக்கில் போகாத நாளைச் சும்மா வெறுமையாக விடுகிறார்கள். வெறுமை வெறுமையாகவே வந்திருக்கிறது.

மீன் குறையவில்லை. பிள்ளை ஒரு எண்ணையும் தொடவில்லை. அந்த மூவாயிரம் பூச்சியமும் என்னுடையவை.

மார்ச் 14, வெள்ளி

காலையில் கணினியைத் திறந்து விதியைப் பார்த்தேன். நான்கு வரி. என் பெயரும் திகதியும் மேலே இருக்கின்றன.

குழுவுக்கு எழுதவேண்டும். எழுதுகிறேன். முதலில் முழுவதையும் சரிபார்க்க வேண்டும், அரைகுறையாகச் சொல்லக்கூடாது.

மார்ச் 17, திங்கள்

சரிபார்த்தேன். மூவாயிரத்து நூற்று அறுபத்துநான்கும் அதேதான்.

நேர்முகம் 28ஆம் திகதி. இன்னும் பதினொரு நாள். அதன்பிறகு சொன்னால் என்ன கெட்டுவிடும்? குழு நாளைக்கே முடிவெடுக்கப் போவதில்லை. இந்த நாட்டில் எந்தக் குழு பதினொரு நாளில் முடித்திருக்கிறது?

மார்ச் 18, செவ்வாய்

இவர் கேட்டார்: "என்னப்பா, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?" வேலை கூடிப்போச்சு என்றேன். எரிந்து விழுந்தேன். பாவம், ரொட்டியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

மார்ச் 21, வெள்ளி

ஆறு மணிக்குத் தேனுஜன் வந்தான். மெலிந்து போயிருந்தான். உள்ளே வரச் சொல்லியும் வாசலிலேயே நின்று கதைத்தான். குழு ஒரு வழி சொல்லியிருக்கிறதாம்: தானாக ஆய்விலிருந்து விலகிக் கையெழுத்து வைத்தால் ஒன்றும் பதியமாட்டார்கள். இல்லாவிட்டால் தரவைத் திரித்ததாக முறைப்படி விசாரணை. செவ்வாய்க்கிழமைக்குள் பதில்.

"அம்மாவுக்குச் சொல்லேல்லை" என்றான். பிறகு, "அக்கா, உங்கட பக்கம் ஒருக்காப் பாருங்கோவன். நான் ஒண்டும் செய்யேல்லை, அக்கா. உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்" என்றேன்.

"அப்ப பாப்பீங்களோ?"

"பாக்கிறன்."

அவன் படி இறங்கும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்டிருக்கலாம். மூன்று மாடி இறங்க எவ்வளவு நேரம் எடுக்கும். கூப்பிட்டிருக்கலாம். ஏன்டி கூப்பிடேல்லை? வாயில என்ன கொழுக்கட்டையா இருந்தது?

மார்ச் 23, ஞாயிறு

இரண்டு தரம் கடிதம் எழுதி இரண்டு தரமும் அழித்தேன். முதலாவதில் காரணம் அதிகம். இரண்டாவதில் 'நான்' என்ற சொல் குறைவு.

மார்ச் 25, செவ்வாய்

கையெழுத்து வைத்துவிட்டான். குறுஞ்செய்தி வந்தது: 'அக்கா, விலகிற்றன். இண்டைக்கு இரவு ரெயினில ஊருக்குப் போறன். எல்லாத்துக்கும் நன்றி.'

எல்லாத்துக்கும் நன்றியாம்.

மார்ச் 28, வெள்ளி

நேர்முகம். ஐந்து பேர். நாற்பது நிமிடம். நல்லாய்ச் செய்தேன், அதையும் மறைக்க ஒன்றுமில்லை. உங்கள் களஞ்சியத்தால் பயன்பெற்ற ஓர் ஆய்வாளரைச் சொல்லுங்கள் என்றார்கள். வானிலைப் பக்கத்தில் ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னேன். கனகசபாபதி சேர் வெளியே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வீட்டுக்கு வந்து குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். எனக்காகவா, அவனுக்காகவா என்று இப்போதும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பெரும்பாலும் எனக்காகத்தான்.

ஏப்ரல் 1, செவ்வாய்

சேரிடம் சொன்னேன். விதியையும் சிலுவைத் தாளின் பிரதியையும் மேசையில் வைத்தேன். நெடுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"எப்ப கண்டனீர்?"

"இப்பதான் சேர்."

அவர் நம்பினார். என்னை நம்பாமல் விட அவருக்கு இதுவரை ஒரு காரணமும் இருந்ததில்லை. பிழையைத் திருத்தி, பல்கலைக்கழகத்துக்கும் எழுதி, களஞ்சியம் திறக்கும்போது எல்லோருக்கும் தெரியும்படி திருத்தக் குறிப்பும் போட்டுவிடுவோம் என்றார். "உடன சொன்னது பெரிய விசயம்" என்றும் சொன்னார்.

ஏப்ரல் 3, வியாழன்

திருத்தக் குறிப்புக்கு ஒரு படிவம் இருக்கிறது. நான்தான் வகுத்தேன். எந்த நிரல், என்ன பிழை, யார் செய்தது, எத்தனை பதிவு. ரிம்ஸான் எங்கள் கணினிக்காரன்; அவன் திரையில் நிரப்ப, நான் பக்கத்தில் நின்று சொன்னேன். 'யார் செய்தது' என்ற இடத்தில் என் பெயரைச் சொன்னபோது ஒரு கணம் நின்றான், பிறகு அடித்தான். கீழே இரண்டு திகதிகள். பிழை அறிவிக்கப்பட்ட திகதி, ஏப்ரல் 1. அதற்கு மேலே, பிழை தெரியவந்த திகதி.

"இதுக்கு என்ன டேட் மிஸ்?"

"அதை விடுமன் இப்ப."

"விட ஏலாது மிஸ். நீங்கதானே கட்டாயமாக்கச் சொன்ன. நிரப்பாட்டி சேவ் ஆகாது."

உண்மைதான். இரண்டு திகதியையும் தனித்தனியாகக் கேட்கவேண்டும் என்று சுகாதாரக்காரரோடு அரை நாள் சண்டை பிடித்தவள் நான். நோய் தெரியவந்த நாளும் சொன்ன நாளும் ஒன்று என்று எழுதினால், நடுவில் எத்தனை பேருக்குத் தொற்றியது என்று யாருக்கும் தெரியாமல் போகும் என்று வாதிட்டேன். எல்லோரும் களைத்துப்போய் ஒத்துக்கொண்டார்கள்.

அந்த நேரம் சேர் எட்டிப் பார்த்தார். "அதுக்கும் ஒண்டாம் திகதியைப் போடுங்கோ, முடிஞ்சுது."

நாளைக்குச் செய்வோம் என்று ரிம்ஸானை வீட்டுக்கு அனுப்பினேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

மார்ச் 13 என்று போட்டோம். ரிம்ஸான் நாட்காட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "போயா அண்டைக்கா மிஸ்?" என்று மட்டும் கேட்டான். ஓம் என்றேன்.

இதில் தைரியம் ஒன்றும் இல்லை. ஒன்றாம் திகதி என்று அடிக்கச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். திறந்தால் மற்றது வந்தது.

இரவுச் சாப்பாட்டின்போது இவருக்கு எல்லாம் சொன்னேன். எழும்பிக் கை கழுவிவிட்டு வந்து இருந்தார். "அவன் கதவடியில நிண்டு கதைச்ச அண்டைக்கும் உமக்குத் தெரியுமோ?" என்றார்.

ஏப்ரல் 24, வியாழன்

பணிப்பாளர் பதவிக்கு வெளியிலிருந்து ஒருவரை எடுத்திருக்கிறார்கள். சேர் தொலைபேசியில் சொன்னார். "ஏனப்பா அந்தத் திகதியைப் போட்டனீர்? ஆர் கேட்டது?" குரலில் கோபத்தைவிடக் களைப்புக் கூட. என் ஒப்பந்தம் டிசம்பர் வரை ஓடும்.

மே 2, வெள்ளி

சொற்பட்டியலில் புதிதாக மூன்று சொற்கள்: 'அளந்தது பூச்சியம்', 'அளக்கவில்லை', 'அளக்க ஒன்றும் நடக்கவில்லை'. மூன்றாவதற்கு வானிலைக்காரர் சிரித்தார்கள். கொன்ஸ்ரன்ஸைக் கூட்டத்துக்கு அழைத்திருந்தேன். ஒரு படகும் இறங்காத கரையில் காலை ஆறு மணிக்கு ஒரு ஆள் கொப்பியோடு போய் நின்று பார்த்துத்தான் அதை எழுதுகிறான் என்று அவர் சொன்னார். சிரிப்பு நின்றது. நிறைவேறிற்று.

பல்கலைக்கழகம் தேனுஜனுக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறது. குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் கையெழுத்து வைத்து விலகியதைத் திருப்ப விதியில் இடமில்லை. விரும்பினால் அடுத்த வருடம் புதிதாக விண்ணப்பிக்கலாம். நானும் அவனுக்கு எழுதினேன். என் பிழை, என் விதி, என்னை மன்னித்துக்கொள் என்று ஒரு பக்கம். திகதியை எழுதவில்லை.

மே 15, வியாழன்

களஞ்சியம் திறந்தாயிற்று. திருத்தக் குறிப்பு முதல் பக்கத்திலேயே இருக்கிறது.

மே 18, ஞாயிறு

மத்தியானம் சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது தேனுஜன் அழைத்தான். பின்னால் பிள்ளைகளின் சத்தம். கோண்டாவிலில் ரியூசன் கொடுக்கிறானாம், ஞாயிறும் வகுப்பு.

"அக்கா, அந்தத் திருத்தக் குறிப்பைப் பாத்தனான். மார்ச் பதின்மூண்டு எண்டு கிடக்கு. அடிக்கேக்க பிழைச்சுப் போச்சோ?"

ஓம் என்று சொல்ல ஒரு இடைவெளி இருந்தது. அதைக் கண்டேன்.

"இல்லை. அண்டைக்குத்தான் கண்டனான்."

"நான் உங்கட வீட்டை வந்தது இருபத்தொராம் திகதி."

"ஓம்."

"பாக்கிறன் எண்டு சொன்னனீங்கள்."

"ஓம், தேனுஜன்."

ஒரு பிள்ளை ஏதோ கேட்டது, இரு வாறன் என்றான் அதனிடம். அடுத்த வருடம் விண்ணப்பிக்கப் போகிறாயா என்று கேட்டேன். தெரியாது என்றான். அம்மா எப்படி என்றேன். சுகம் என்றான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் நல்லாயிருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"சரி மிஸ். வகுப்புக் கிடக்கு, வைக்கிறன்."

வைத்துவிட்டான்.

இவர் முன்னறையிலிருந்து யார் என்று கேட்டார். தேனுஜன் என்றேன். என்னவாம் என்றார். வகுப்பு இருக்கிறதாம் என்றேன்.